மாமா, அக்கா, தங்கை

இரண்டு நாளாக ஒரு பழைய கருத்துப்படம் மனசை விட்டுப் போகவில்லை. 1881 அக்டோபரில் லண்டன் ‘பஞ்ச்’ இதழில் ஜான் டென்னியல் வரைந்தது. பிரிட்டானியா, அதாவது பெண்ணாக வரைந்த பிரிட்டன், வாளோடு நிமிர்ந்து நிற்கிறாள். அவள்மேல் சாய்ந்து அழுகிறாள் ஹைபர்னியா, அதாவது அயர்லாந்து. எதிரே குரங்குச் சாயலில் கல் ஓங்கும் ஓர் அயர்லாந்துக்காரன்.

பார்த்ததும் தங்கையைக் காக்கும் அக்கா என்றுதான் தோன்றும். ஆனால் அப்போது அங்கே நடந்தது நிலப் போராட்டம். குத்தகை விவசாயிகள் நியாயமான குத்தகை கேட்டார்கள். அவர்களின் தலைவர் பார்னெல்லை அதே மாதம்தான் சிறையில் அடைத்தார்கள். படத்தில் அது எதுவுமே இல்லை. ஒரு நாட்டைத் தங்கையாக வரைந்த கணத்திலேயே அவள் வாயை அடைத்தாகிவிட்டது. கேள்வி கேட்பவன் ரவுடி ஆகிவிட்டான். எனக்கு இது கோபமூட்டுகிறது.

அமெரிக்காவையே ஓர் ஆளாக வரையும் ‘சாம் மாமா’வும் லேசுப்பட்டவர் இல்லை. 1899 ஜனவரியில் ‘பக்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் கருத்துப்படத்தில் அவர் வாத்தியார். அப்போதுதான் அமெரிக்காவின் பிடிக்குள் வந்திருந்த பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா நான்கும் முன்வரிசையில் முரண்டு பிடிக்கும் பிள்ளைகள். சீனச் சிறுவன் வாசலுக்கு வெளியே.

உறவுமுறை வந்துவிட்டால் அதிகாரம்கூட அக்கறை மாதிரி தெரிகிறது. பாரதியின் ‘இந்தியா’ இதழ் இதே உத்தியைத் திருப்பிப் பிடித்தது. அங்கே நாடு தாய், ஆள்பவன் அந்நியன்.

‘பக்’ படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன். அவனுக்கு இருக்கையே இல்லை, ஜன்னல் துடைத்துக்கொண்டிருக்கிறான்.