கராம்பு வாசமும் பென்சில் சீட்டும்

சிலந்திகளை இனம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நாற்பத்தொரு சிலந்திகளை நான் ஊர் பேர் இல்லாதவை ஆக்கினேன். காட்டிலிருந்து கொண்டுவந்த ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எத்தனால் ஊற்றிப் போட்டு, பிடித்த இடம், திகதி, உயரம் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே போட வேண்டும். எழுதினேன், போல்பொயின்ட் பேனாவால். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் நாற்பத்தொரு குழாயிலும் இளநீலத் தண்ணீர். சீட்டெல்லாம் வெள்ளைக் கடதாசி.

ஆய்வுகூடத்துச் சேர் திட்டவில்லை. ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது எந்தக் காடு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். "இது எந்தக் காடு?" இப்படி நாற்பத்தொரு தடவை. பிறகு எல்லாவற்றையும் ஒரே ஜாம் போத்தலில் கொட்டி, மாணவர்கள் கத்தி பழகட்டும் என்று மேல் தட்டில் வைத்தார். அந்தப் போத்தல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்றிலிருந்து பென்சில் இல்லாமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. பென்சில் எத்தனாலில் கரையாது.

நான் தோட்டத்துப் பிள்ளை. மாத்தளைப் பக்கம், ரத்தோட்டைக்கு மேலே. லயத்துச் சுவரில் ஈயின் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரே தாவலில் பிடிக்கும் குட்டிச் சிலந்தியை அப்பாயி 'ஈப்புலி' என்பார். வலை கட்டுவது எட்டுக்கால் பூச்சி, வேட்டைக்குப் போவது ஈப்புலி. அவர் வரையில் பாகுபாடு அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில், இப்படித் தாவும் சிலந்திகளுக்குச் சல்டிசிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது, சிலந்திகளிலேயே அதுதான் பெரிய குடும்பம், 6,000 இனங்களுக்கு மேல் என்று படித்தபோது, இவ்வளவு ஈப்புலியா என்றுதான் தோன்றியது. அப்பாயியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் எண்ணுறதுக்கா ஒனக்குச் சம்பளம்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதற்குத்தான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இனத்துக்கு மேலே உள்ள படிக்குச் 'சாதி' என்று பெயர். தமிழ்நாட்டில் பேரினம் என்கிறார்கள். நல்லதுதான். "இது என்ன சாதி?" என்று ஆய்வுகூடத்தில் ஒருவரையொருவர் சத்தமாகக் கேட்டுக்கொள்வதைப் புதிதாக வருபவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

காட்டு வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், வாகனம் வேண்டும், மழை விட வேண்டும். மூன்றும் ஒரே நாளில் கூடினால் ரிவர்ஸ்டன் பக்கமாக நக்கிள்ஸ் மலைக்கு ஏறுவோம். எங்களுடைய முக்கியமான கருவி ஒரு வெள்ளைக் குடை. அதை விரித்துத் தலைகீழாகக் கிளைக்கு அடியில் பிடித்து, மேலே தடியால் நாலு தட்டுத் தட்டினால் இலை, குச்சி, எறும்பு, வண்டு எல்லாம் கொட்டும். அந்தக் குப்பைக்குள் எது தாவுகிறது என்று பார்க்க வேண்டும். தாவுவதற்குள் குழாயால் மூட வேண்டும். ஈப்புலி காலை நீட்டுவது தசையால் மட்டும் அல்ல; உடம்பின் திரவத்தைத் திடீரென்று காலுக்குள் அழுத்தி உதைக்கிறது. தாவும் முன்பே நூல் ஒன்றை ஒட்டிவைத்துவிடும். குடை விளிம்பிலிருந்து குதித்ததைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்து அந்த நூலைப் பிடித்து இழுத்தால், சில நேரம் ஆள் மறுமுனையில் தொங்கிக்கொண்டு வரும். இதற்கிடையில் அட்டைகள் சப்பாத்துக்குள் இறங்கி அவற்றின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் அதிகம் தேடியது ஒனோமாஸ்டஸ் என்ற சாதியை. நாலு மில்லிமீற்றர் கூட வராத உடம்பு, நூலிழை மாதிரிக் கால்கள், கண்ணாடியில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையைத் திருப்பினால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவைதான் முன் கண்கள். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள்: ஒரு கண் கறுப்பாக இருக்கும்போதே மற்றது வெளிறும், பிறகு மாறும். ஈப்புலியின் முன் கண்ணில் லென்ஸ் அசையாது. அதற்குப் பின்னால் நீளக் குழாயின் அடியில் இருக்கிற விழித்திரைதான் தசைகளால் அங்கும் இங்கும் அசையும். பெரும்பாலான ஈப்புலிகளில் அது தலைக்குள் ஒளிந்திருக்கிறது. இதில் தலையே ஊடுருவித் தெரிவதால், அது நம்மைப் பார்ப்பதை நாம் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது குழாயை எடுக்க மறந்து நின்றுவிட்டேன். அது போய்விட்டது.

இந்தச் சாதிக்குப் பெயர் வைத்தவர் யூஜின் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1900-இல். 1890-களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து போனவர். அவர் சேர்த்தவை பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பாலான ஈப்புலிகளுக்கு எட்டுக் கண்களும் மூன்று வரிசையில் இருக்கும். ஒனோமாஸ்டஸுக்கு நான்கு வரிசை. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள அசெமோனியாவுக்கும், அமெரிக்கக் காடுகளில் உள்ள லிசோமேனஸுக்கும் அப்படித்தான். அதனால் நெடுங்காலம் மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைத்திருந்தார்கள். டிஎன்ஏ வந்த பிறகு அந்தக் கூட்டு உடைந்தது. கனடாவின் வெய்ன் மாடிசன் 2015-இல் முழுக் குடும்பத்தையும் ஏழு துணைக்குடும்பங்களாக வகுத்தபோது, இந்த மூன்றும் தனித்தனித் துணைக்குடும்பங்களாக நின்றன. உலகத்து ஈப்புலிகளில் மிகப் பெரும்பகுதி ஏழாவதான சல்டிசினேக்குள்ளேயே அடங்கிவிடும். மற்ற ஆறும் ஆதியிலேயே பிரிந்துபோன சிறு வீடுகள். எங்கள் தோட்டத்துக்கு மேலே இலைக்கடியில் உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு வீட்டுக்காரர்.

சாதியைக் கண்ணால் சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்லப் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது வாயருகே உள்ள உணர்கொம்பு மாதிரியான உறுப்பின் நுனியில், குத்துச்சண்டைக் கையுறை போல வீங்கி இருக்கும். வழக்கப்படி இடதுபக்கத்தைத்தான் வரைவோம். இடது உடைந்திருந்தால் வலதை வரைந்து கண்ணாடியில் திருப்பிப் போட வேண்டும், அதையும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் ஒரு சின்னத் தகடு. அதை ஊசியால் வெட்டியெடுத்து, சதையை நீக்கி, உள்ளே உள்ள குழாய்களின் வளைவைப் பார்க்க வேண்டும். மனிதத் தலைமயிர் தடிப்பில் சுருண்டு கிடக்கும் குழாய்கள். அவை தெளிவாகத் தெரிய அந்தத் தகட்டைக் கராம்புத் தைலத்தில் மிதக்க விடுவோம். கொஞ்ச நேரத்தில் கபில நிறம் போய்த் தேன் போல ஆகிவிடும், உள்ளே இருக்கும் சுருள் எழுந்து வரும்.

அந்த வாசம் கையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் "பல்லு வலியா?" என்று விசாரித்திருக்கிறார். எங்கள் ஊரில் கராம்பு மரங்கள் உண்டு. சின்ன வயதில் பாயில் காயப்போட்ட மொட்டுகளைக் கோழி கிளறாமல் காவல் இருந்திருக்கிறேன். அதே மரத்துச் சரக்கு ஒரு சிலந்தியின் இனத்தைச் சொல்லிக் கொடுக்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பெயர்களின் அலைச்சலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் முசுறு வேடம் போடும் ஈப்புலி. முசுறு கூட்டத்துக்குள் அதே செம்மஞ்சள் நிறத்தில், இடுப்பு ஒடுங்கி, முன்காலைத் தூக்கி மீசை போல ஆட்டிக்கொண்டு திரியும். ஆணுக்குத் தாடைகள் மிக நீளம். வாயில் இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போகும் எறும்பு மாதிரித் தெரியும். ஒன்றைப் பிடிப்பதற்குள் நாலு உண்மையான முசுறு கடித்துவிடும். என்னுடன் வேலை செய்த சிங்களத் தோழர், "நங்கி, கடிச்சா திமியா, கடிக்கலன்னா நம்ம ஆள்" என்று ஒரு பாகுபாட்டு விதியே வைத்திருந்தார். திமியா என்றால் சிங்களத்தில் முசுறு. இதற்கு 1869-இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் டோர்செட்டில் பாதிரியாராக இருந்த ஒக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். இலங்கையிலிருந்து போன சிலந்தியை வைத்து சல்டிகஸ் பிளாட்டலியோய்டிஸ் என்றார். பிளாட்டலியா என்பது கரண்டிவாயன் கொக்கின் சாதிப்பெயர். பிறகு அது மிர்மராக்னே ஆனது, நெடுங்காலம் அப்படியே இருந்தது. 2016-இல் போலந்தின் யெர்சி புருஷின்ஸ்கி மிர்மராக்னேயைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது இது மிர்மப்லாட்டா ஆனது. அப்படிப் பிரித்தது சரியா என்று ஆய்வாளர்களிடையே மனத்தாங்கல் உண்டு. தோற்றத்தை வைத்துக் கையாள வசதியாகப் பிரித்தார், வம்சத்தை வைத்து அல்ல என்பது குறை. பேர்ன் நகரத்து அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் புதுப் பெயர்தான் இருக்கிறது. எழுதும்போது நானும் அதைத்தான் எழுதுகிறேன். வாயில் மட்டும் இன்னும் மிர்மராக்னேதான் வருகிறது.

சாதிப்பெயர் இத்தனை தடவை மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. அதைத் திருத்த வழி இருக்கிறது. நாளை ஒருவர் இன்னொரு மரபணுவைப் பார்த்து மாற்றட்டும். அந்தக் காலத்துச் சிலந்திகள் பலவற்றுக்கு இடம் என்று இருப்பது 'சிலோன்' என்ற ஒரே சொல், அதுதான் தொல்லை. கொழும்புக் கடற்கரையும் சிலோன், மலைமேல் உள்ள ஹோர்ட்டன் சமவெளியும் சிலோன். சுவரில் திரியும் பிளெக்சிப்பஸ் பேகுலி என்ற ஈப்புலிக்கு அது போதும். அது 1826-இலேயே பெயர் பெற்றது, மனிதரோடு கப்பலேறி வெப்ப நாடுகளின் சுவர்கள் எல்லாவற்றிலும் குடியேறியது. எந்தத் தீவில் பிடித்தாலும் அதே ஆள். ஒனோமாஸ்டஸ் அப்படி இல்லை. ஈரக்காட்டு நிழலை விட்டு வெளியே வராது. தேயிலைக்கும் ஊருக்கும் நடுவே மிஞ்சிய ஒவ்வொரு காட்டுத் துண்டும் அதற்கு ஒரு தீவு. அதனால்தான் இந்தச் சின்ன நாட்டில் மட்டும் ஏழு இனங்கள். 2010-இல் சிலந்தி ஆய்வாளர் சுரேஷ் பெஞ்சமின் இந்தச் சாதியை முழுக்கத் திருப்பிப் பார்த்து எழுதியபோது, தெற்காசிய இனங்கள் ஒரு கிளையாகவும் தென்கிழக்காசிய இனங்கள் இன்னொரு கிளையாகவும் பிரிந்தன. அதில் இங்கிருந்து புதிதாக வந்த ஒன்றின் பெயர் ஒனோமாஸ்டஸ் ரத்தோட்டென்சிஸ். நாங்கள் வங்கிக்கும் சந்தைக்கும் போகும் ரத்தோட்டை! கட்டுரையை முதலில் படித்தபோது அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு 2016-இல் வந்தவற்றில் ஒன்றில் மஸ்கெலியா இருக்கிறது. இன்னொன்றில் ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார். மலையகத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் அவர் போட்ட தேயிலைதான் நினைவுக்கு வரும். கொழுந்து பறித்தவர் யாருடைய பெயரும் எந்தச் சிலந்திக்காவது உண்டா என்று நான் பட்டியலில் தேடிப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வேலையில் பாதி, ஆட்களுக்குப் பதில் சொல்வது. டெலமோனியா டிமிடியாட்டா என்ற அழகான ஈப்புலி ஒன்று உண்டு. பெண் வெளிர் மஞ்சள், முதுகில் இரண்டு சிவப்புக் கோடு. அது கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்து கடித்து ஆளைக் கொல்லும் என்று 2002 வாக்கில் ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. சுத்தப் புரளி. ஆனால் கொழும்பிலிருந்து சித்தி இன்னும் அதைப் படத்தோடு எனக்கு அனுப்புகிறார். "நீ அந்த வேலைதானே பாக்குற, கவனமா இரு" என்று.

போன தடவை மேலே போனபோது வழி காட்ட ஒரு தாத்தா வந்தார். காட்டுக்குள் ஏலக்காய் போட்ட காலத்தில் அங்கேயே வாடி கட்டி இருந்தவர். ஓடைக்கரையில் ஒரு இலையைத் திருப்பி, கண்ணாடி போட்ட நான் காணாததைக் காட்டினார். பெண் ஒனோமாஸ்டஸ், முட்டைகளின் மேல். அதை விட்டுவிட்டு இரண்டு மரம் தள்ளி ஓர் ஆணைப் பிடித்தோம். குழாயில் போட்டுவிட்டுச் சீட்டை எடுத்தேன்.

"என்னா புள்ள எழுதுற?"

"பிடிச்ச எடம், தாத்தா." ஜிபிஎஸ் எண், உயரம், திகதி. அதன் மேல் வரியில் வனத் திணைக்களத்து வரைபடத்தில் இருக்கும் சிங்களப் பெயர். வாசித்துக் காட்டினேன்.

"அது கீழ இருக்கிற ஊரு. இது மொட்டக்கல்லு. தோட்டத்து ஆளுங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். வெள்ளக்காரன் காலத்துப் பேரு வேற ஒண்ணு, எனக்கு வாயில வராது."

சீட்டு என் கட்டைவிரல் அளவு. மூன்று வரிக்கு மேல் கொள்ளாது, மூன்றும் நிரம்பியாயிற்று. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் 'மொட்டைக்கல்' என்று எழுதினேன். தாத்தா குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.