தோற்ற பிறகு வரும் ஞாயிறுகள்

இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்தில் பிளேட் என்று ஒரு போட்டி இருக்கிறது. டிவியில் வராது. சூப்பர் லீக்கை வாராவாரம் விடாமல் பார்க்கிறவர்களிடம் கேட்டால்கூட அப்படி ஒன்று இருக்கிறதா என்பார்கள். நான் வார நாட்களில் ஆஸ்பத்திரியில் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்), ஞாயிற்றுக்கிழமைகளில் நான்காம் அடுக்கில் ஆடும் ஒரு பெண்கள் அணிக்குப் பிசியோ. லீக், தேசியச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பை, மாவட்ட அளவிலான கவுண்டி கோப்பை என்று எல்லாவற்றிலும் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. என் வேலைக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால், யோசிக்காமல் இந்தப் பிளேட்டைத்தான் சொல்வேன்.

அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே சூப்பர் லீக், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப் என்று இருந்து 2025இல் சூப்பர் லீக் 2 என்று பெயர் மாறிய அடுக்கு. அதற்கும் கீழே மூன்றாவது, நான்காவது அடுக்குகள் சேர்ந்து நேஷனல் லீக். மூன்றாவதில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவு, நான்காவதில் நான்கு பிரிவு, பிரிவுக்கு 12 அணி, ஆக 72. இந்த 72 பேருக்கும் சொந்தமாக ஒரு லீக் கோப்பை உண்டு. நான் பார்த்த சீசன்களில், தொடக்கத்திலேயே அதற்கு ஒரு சுற்று வைப்பார்கள், ஜெயித்த 36 அணி கோப்பைக்குப் போகும், தோற்ற 36 அணி வீட்டுக்குப் போகாமல் பிளேட்டுக்குப் போகும். 36 என்பது நாக் அவுட்டுக்கு ஒத்து வராத எண் என்பதால் நான்கு ஆட்டம் கூடுதலாக ஆடி 32 ஆக்கிக்கொண்டு, அப்புறம் வழக்கம்போல இறுதி ஆட்டம் வரை. 2014-15 சீசனில் ஆரம்பித்தது. பிராந்திய லீகுகளாக இருந்தவை நான்காம் அடுக்காக உள்ளே வந்து அணிகளின் எண்ணிக்கை ஒரேயடியாகக் கூடியதும் அதே சமயத்தில்தான்.

ஊரில் அம்மாவுக்குப் போனில் இதை விளக்கியபோது, "தோத்தவங்களுக்கு எதுக்குடி இன்னொரு கப்பு?" என்றாள். அரியர் பேப்பர் மாதிரிம்மா என்றேன். "அதுல பாஸ் பண்ணிடுவீங்களா?" என்று அடுத்த கேள்வி. அதற்கு உத்தரவாதம் எல்லாம் இல்லை. பிளேட்டின் முதல் ஆட்டத்திலேயே தோற்று, ஒரே சீசனில் ஒரே கோப்பையிலிருந்து இரண்டு முறை வெளியேறிய பெருமையும் எங்கள் அணிக்கு உண்டு.

இந்த 72 அணிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பார்த்தால்தான் இப்படி ஒரு போட்டி ஏன் தேவைப்படுகிறது என்று புரியும். நியூகாசில் யுனைடெட் பெண்கள் அணி நான்காம் அடுக்கில் இருந்தபோது, 2022 மே 1 அன்று செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஆல்ன்விக் டவுனோடு ஆடிய லீக் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 22,134. அதே அடுக்கில்தான் நாங்களும் ஆடுகிறோம். எங்கள் ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாராவது ஒருத்தியின் அப்பா, அம்மா, காதலன், நாய். கீழே வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். டான்காஸ்டர் பெல்ஸ் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், 1969இல் பெல் வ்யூ மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பெண்கள் சேர்ந்து தொடங்கிய அணி, ஆறு முறை எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தவர்கள். 2018இல் இரண்டாம் அடுக்கில் முதலிடம் பிடித்தும், பணம் கட்டுப்படியாகாமல் மூன்றாம் அடுக்குக்கு இறங்க வேண்டியதாயிற்று. ஏறிக்கொண்டிருக்கிறவர்களும் இறங்கிக்கொண்டிருக்கிறவர்களும் எங்களைப் போல இருக்கிற இடத்திலேயே இருக்கிறவர்களும் ஒரே குலுக்கலில் கிடந்தால், எங்களைப் போன்றவர்களுக்குக் கோப்பை என்பது ஆகஸ்ட் மாதத்து ஒரே ஒரு மத்தியானத்தோடு முடிந்துவிடும்.

சரி, பிசியோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லீக் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் கணக்கு. எங்களைப் போல அட்டவணையில் கடைசி மூன்று நான்கு இடங்களுக்குள் உருண்டுகொண்டிருக்கும் அணியில், காயத்திலிருந்து திரும்புகிற ஒருத்தியை மேனேஜர் லீக் ஆட்டத்தில் இறக்க மாட்டார், இறக்கினால் வெளியே எடுக்க மாட்டார். எஃப்.ஏ. கோப்பையில் சுற்றுக்குச் சுற்று பரிசுப் பணம் இருக்கிறது, ஒரு சுற்று தாண்டினால் கிளப்புக்குப் பல மாதத்து மைதான வாடகை, அங்கேயும் அதே கதை. ரிசர்வ் அணி என்று எங்களுக்கு முறையாக ஒன்று கிடையாது. பயிற்சி ஆட்டம் வைத்தால், சொந்த அணிக்காரி முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் மோதுவார்கள். எதிரில் இருப்பவள் உண்மையாகவே பந்தைப் பறிக்க வர வேண்டும், அதே சமயம் தோற்றாலும் யாரும் தூக்கில் தொங்கப்போவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் பிளேட் மட்டும்தான்.

மேல்மட்டத்திலும் இதைத்தான் செய்கிறார்கள், அங்கே அதற்கு இடம், மேல் அடுக்குகளுக்கென்று தனியாக உள்ள லீக் கோப்பை. இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் முழங்காலுக்குள் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்தது. உலகக் கோப்பையே போயிற்று. அவர் ஆர்சனலுக்காகத் திரும்ப இறங்கியது 2024 ஜனவரியில், சூப்பர் லீக்கில் அல்ல, ரெடிங்குக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் மாற்று வீராங்கனையாக. ஒரே சீசனில் ஆர்சனலில் மட்டும் பெத் மீட், மீடெமா, வில்லியம்சன், வீன்ராய்தர் என்று நான்கு பேருக்கு அதே ஜவ்வு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கிழிவது இரண்டு முதல் எட்டு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பு எலும்பின் அமைப்பு, ஹார்மோன், ஆண் பாதத்துக்குச் செய்த பூட்ஸ், மோசமான மைதானம், போதாத ஜிம் வசதி என்று காரணம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 2024இல் வீரர்கள் சங்கங்களும் நைக்கியும் லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதற்கென்றே ஓர் ஆய்வு தொடங்கியிருக்கின்றன. அது சூப்பர் லீக் வீராங்கனைகளை வைத்து நடப்பது. நான்காம் அடுக்கில் கிழிகிறவர்களை யார் எண்ணுவது?

எங்களிடம் இடது ஓரத்தில் ஆடும் ஒருத்தி இருந்தாள், ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. லீக் ஆட்டம் ஒன்றில் யாரும் தொடாமலே, சும்மா திசை மாறித் திரும்பியவள் உட்கார்ந்துவிட்டாள். ரெஃப்ரி கையசைத்ததும் ஓடினேன். "டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சூப்பர் லீக் என்றால் மறுநாளே ஸ்கேன், அடுத்த சில நாட்களில் ஆபரேஷன். இங்கே எல்லோரையும் போல என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் வரிசையில் நிற்க வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு வரிசை, சர்ஜனைப் பார்க்க ஒரு வரிசை, ஆபரேஷனுக்கு இன்னொன்று. அதுவரை வீக்கத்தை வடிய வைத்து, முழங்காலை முழுசாக நீட்ட வைத்து, தொடைத்தசை சூம்பிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபரேஷனில் பின்தொடைத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்துத் தைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் நீண்ட வேலை. பொழுதுபோக்கு மையத்து ஜிம்மில், பள்ளி முடிந்து அவளும் ஆஸ்பத்திரி முடிந்து நானும் களைத்துப்போய் வந்து, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, படியிலிருந்து குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று பார்ப்பது, திரும்பவும் குதிப்பது. அடிபட்ட கால் மற்ற காலின் பலத்தில் தொண்ணூறு சதவீதத்தையாவது தொட வேண்டும், ஒன்பது மாதம் கடக்க வேண்டும், அதற்கு முன்னால் ஆடினால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடும். மனசு தயாரா என்று பார்க்கவும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. அவள் எல்லாவற்றிலும் தேறினாள். ஆனால் பயிற்சியில் கவனித்தேன், எதிராளி இரண்டடி தூரத்தில் வந்தாலே பந்தைத் தட்டிவிட்டு விலகிவிடுவாள். ஜிம்மில் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை அது.

அந்த வருடம் ஆகஸ்டில் மூன்றாம் அடுக்கு அணி ஒன்றிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு பிளேட்டுக்கு வந்திருந்தோம். வெளியூர் ஆட்டம், செயற்கைப் புல். நனைந்தால் கனமாகிக் காலை இழுக்கும் சேற்றுத் தரையைவிட எனக்கு அன்றைக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது, செயற்கைப் புல்லே ஆபத்து என்று வாதாடுகிற சக பிசியோக்களும் உண்டு. மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன்: கடைசி இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை, ஆட்டம் எப்படிப் போனாலும் சரி. லீக் ஆட்டமாக இருந்தால் இந்தப் பேச்சே எடுபட்டிருக்காது.

இறங்கினாள். முதல் சில பந்துகளைப் பயிற்சியில் செய்தது போலவே பின்னால் தட்டிவிட்டாள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவள் வலது முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஓரக்கோட்டை ஒட்டி ஒரு பந்து வந்தது, எதிரணியின் வலது ஓரத் தடுப்பாட்டக்காரி சறுக்கிக்கொண்டு காலை நீட்டி வந்தாள், இவள் மேலே குதித்துத் தாண்டி, ஆபரேஷன் செய்த காலிலேயே இறங்கினாள். முழங்கால் பாதத்துக்கு நேராக நின்றது. அப்படியே ஓடிப்போய் ஒரு கிராஸ் போட்டாள், அது கோல் கம்பத்துக்கு மேலே எங்கேயோ போயிற்று, அது வேறு விஷயம். நான் கவனித்தது, இறங்கியதும் பெஞ்சு பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இருந்தால் முதலில் என்னைத்தான் தேடியிருப்பாள்.

பிளேட்டைப் பற்றி எல்லாம் இப்படி இனிப்பாகவே சொல்லவும் முடியாது. ஆரம்பச் சுற்றுகளை வடக்கு, தெற்கு என்று பிரித்துத்தான் குலுக்குகிறார்கள், இருந்தாலும் தெற்கு என்பது சின்ன இடமில்லை. பஸ் வாடகை கிளப்பின் தலையில். ஆடுவதற்குச் சம்பளம் வாங்குவது இருக்கட்டும், மாதாமாதம் சந்தா கட்டி ஆடுகிற பெண்கள் இந்த அடுக்கில் நிறையப் பேர். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பாதி வழியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது ஆட்டம் இல்லை என்று செய்தி வந்து, நெடுஞ்சாலையோரச் சர்வீஸ் ஸ்டேஷனில் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுத் திரும்பிய ஞாயிறும் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிற நர்ஸ் ஒருத்தி எங்கள் நடுக்களத்தில் ஆடுகிறாள், அன்றைக்கு அவள் பஸ்ஸில் யாரிடமும் பேசவில்லை. இந்தப் போக்குவரத்துச் செலவை மட்டும் போட்டி நடத்துகிறவர்கள் ஏற்றுக்கொண்டால், பிளேட்டை வேண்டாவெறுப்பாக ஆடும் கிளப்புகள் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம். இது பிடிக்காத மேனேஜர்களும் இருக்கிறார்கள், லீக்குக்கு ஆள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை மொத்தமாக இறக்கிவிட்டு எட்டு கோல் வாங்க வைப்பார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகளை மூத்தவர்களோடு கலந்து இறக்கினால் அது கற்றுக்கொள்ளும் இடம், பதினோரு பேரையும் அப்படி இறக்கினால் காயம்தான் மிச்சம், அதையும் கடைசியில் நான்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024இல் அந்த மேல்மட்ட லீக் கோப்பையின் இறுதி ஆட்டம் மொலினூ மைதானத்தில், ஆர்சனலும் செல்சியும். பந்து எங்கேயோ இருக்க, ஆர்சனலின் ஃப்ரீடா மானும் என்ற வீராங்கனை தானாகச் சாய்ந்து விழுந்தார். சில நொடிகளில் டாக்டர், ஸ்ட்ரெச்சர், எல்லாம் வந்தன, அவர் தேறி மறுபடி ஆடவும் வந்தார். நான் அதை வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எந்த மைதானத்துக்குப் போனாலும் பையை இறக்கியதும் நான் முதலில் கேட்பது, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின் எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் என்பதுதான். பார் திறந்திருக்கும்போது மட்டும் எடுக்கக்கூடிய மாதிரி பாருக்குள் மாட்டி வைத்திருந்த இடமும் உண்டு. சின்னப் போட்டி, சின்ன மைதானம் என்றால் ஓடி வர வேறு டாக்டர் கிடையாது. நானும், அந்த அணியின் பிசியோவும், முதலுதவி கற்ற தன்னார்வலர் ஒருவரும். அதனால் எதிரணி பிசியோவோடு ஆட்டத்துக்கு முன்னாலேயே இரண்டு நிமிடம் பேசி, யார் தலைப்பக்கம், யார் ஆம்புலன்ஸுக்குப் போன் என்று பிரித்துக்கொள்வோம். இப்படி அறிமுகமாகி இன்றைக்கும் போனில் கேஸ் பேசிக்கொள்கிற தோழிகள் எனக்குப் பல ஊரில் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வேலையில் இத்தனை பேர் கிடைத்ததில்லை.

இடது ஓரத்துக்காரி அதற்கப்புறம் பிளேட்டின் அடுத்த ஆட்டத்தில் அரை மணி நேரம், லீக்கில் பாதி ஆட்டம் என்று ஏறி, சீசன் முடிவதற்குள் முழு ஆட்டம் ஆடினாள். நாங்கள் பிளேட்டில் காலிறுதிகூடத் தாண்டவில்லை. இந்த வருடக் குலுக்கலில் எங்களுக்கு வந்திருப்பது மறுபடியும் மூன்றாம் அடுக்கு அணி. செகரட்டரி பெரியவர் நம்பிக்கையான ஆள், ஜெயிப்போம் என்றுதான் சொல்கிறார், ஆனால் ஆபீஸ் சுவரில் உள்ள காலண்டரில் பிளேட் தேதிகளையும் இப்போதே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்.