என்மெதேனாவின் வெள்ளிக் குடுவையைத் தேர்வுக்குப் படித்த விதம்

திரையில் ஒரு படத்தைப் போட்டு "விளக்கி எழுதுக" என்று கேட்கும் கலை வரலாற்றுத் தாள் உங்களுக்கும் இருந்தால், இது உங்களுக்குத்தான். பாரிசில் படித்தபோது முதல் முறை எனக்கு வந்த படம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுமேரிய வெள்ளிக் குடுவை. இன்றைய தெற்கு இராக்கில் இருந்த லகாஷ் அரசின் ஆட்சியாளர் என்மெதேனா, கி.மு. 2400 வாக்கில், உயரம் 35 செ.மீ., 1888இல் எர்னஸ்ட் தெ சர்செக் தெல்லோவில், அதாவது பழைய கிர்சு நகரில் கண்டெடுத்தது, எல்லாமே மனப்பாடம். ஏழெட்டு வரியில் அதெல்லாம் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்கப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண்ணும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது.

மறுதேர்வுக்குப் படிக்கும்போதுதான் கோளாறு புரிந்தது. புத்தகப் படத்தில் குடுவையின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். சிங்கத்தலைக் கழுகான இம்துகுட் இறக்கையை விரித்து இரண்டு சிங்கங்களைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். சுற்றி வந்தால் அப்படி நான்கு கழுகுகள். இரண்டின் பிடியில் சிங்கங்கள், ஒன்றின் பிடியில் கலைமான்கள், இன்னொன்றின் பிடியில் வரையாடு மாதிரியான காட்டாடுகள்.

வீட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதன் சுற்றளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, இந்த வரிசையை அதில் பென்சிலால் வரைந்தேன். எனக்கு ஓவியம் வராது, குச்சிக் கால்கள்தான். ஆனால் சிங்கத்தின் வாயை வரையப் போனால் பக்கத்து மானின் முகம் வந்து இடிக்கிறது, இடம் போதவில்லை. திரும்பப் படத்தை உற்றுப் பார்த்தால், சிங்கம் அந்த மானின் முகவாயைக் கவ்வியிருக்கிறது! கழுகு சிங்கத்தைப் பிடிக்க, சிங்கம் மானைக் கடிக்க, மானை அடுத்த கழுகு பிடிக்க, இப்படியே சொம்பைச் சுற்றி ஒரு சங்கிலி, எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியாது. மறுதேர்வில் இந்த ஒன்றை வைத்தே ஒரு பக்கம் எழுதினேன். அப்புறம் மேல் வரிசையைப் பாருங்கள், ஒரு முன்னங்காலை ஊன்றி எழப்போவது போலக் கன்றுகள் அமைதியாகப் படுத்திருக்கின்றன. கீழே அத்தனை கடியும் பிடியும், மேலே அந்த நிதானம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

கழுத்தில் உள்ள ஆப்பெழுத்து வாசகத்தின் சாரத்தைக் கட்டாயம் படியுங்கள். நின்கிர்சு தெய்வத்தின் எனின்னு கோயிலில், மாதந்தோறும் எண்ணெய் படைப்பதற்காகச் சுத்தமான வெள்ளியில் செய்து வைத்தது, அப்போது கோயில் பொறுப்பில் இருந்தவர் டுடு என்கிறது. ஆக, இது அலங்காரத்துக்குச் செய்த சாமான் இல்லை, பூசைக்கான பாத்திரம். அந்த வண்டல் நிலத்தில் வெள்ளி கிடைக்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால் பொருளைப் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம். சிங்கப் பாதங்களோடு இருக்கும் அடிப்பகுதி மட்டும் செம்பு.

பெயர்களில் கவனம். பழைய நூல்களில் என்தெமெனா, புதியவற்றில் என்மெதேனா, இரண்டும் ஒருவரே. பிணந்தின்னிக் கழுகுகள் செதுக்கிய புகழ்பெற்ற கல்வெட்டுப் பலகையை (Stele of the Vultures) நிறுத்திய எஅன்னாதும் இவருக்குப் பெரியப்பா முறை, அப்பா எனன்னாதும். நான் இதில் ஒரு முழு வாரம் குழம்பினேன். கடைசியில் இந்த அரச மரபைத் தொடங்கிய ஊர்-நான்ஷேயிலிருந்து தொடங்கி ஒரு குடும்ப மரம் வரைந்து சுவரில் ஒட்டிய பிறகுதான் தெளிந்தது.

ஒப்பீடு கேட்டால் அதே லூவ்ரில் இருக்கும் டுடுவின் புடைப்புப் பலகையை எடுங்கள். வாசகத்தில் வருகிறாரே, அதே டுடுதான். அதிலும் அதே கழுகு, இரண்டு சிங்கங்கள், ஆனால் அங்கே சிங்கங்கள் தலையைத் திருப்பிக் கழுகின் இறக்கையையே கடிக்கின்றன. முடிந்தால் இரண்டையும் நேரில் பாருங்கள். ரிஷலியூ பகுதிக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. பென்சிலும் நீளமான ஒரு காகிதப் பட்டையும் கையில் இருக்கட்டும்.