காற்று வழியில் ஒரு புதிய கிளியர் கோட்

சென்ற சித்திரையில், பொள்ளாச்சியில் நான் வழக்கமாகப் பெயின்ட் வாங்கும் கடையின் உரிமையாளர், ஒரு லிட்டர் கிளியர் டப்பாவையும் அதை இறுகவைக்கும் ஹார்டனர் அரை லிட்டர் டப்பாவையும் என் பையில் வைத்து, "எச்.எஸ். கிளியருங்க அண்ணா, அடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. ரெண்டு கோட்டுக்கு மேல வேண்டாமுங்க" என்றார். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார்களுக்குப் பெயின்ட் அடித்து வரும் எனக்கு, கோட் எத்தனை என்று கடைக்காரர் சொல்லித் தருவதா என்ற எண்ணம் அப்போது எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. அந்த எண்ணத்தினால் ஒரு பானெட்டும் ஒரு கதவும் வீணாயின. இரண்டுமே பழைய இரும்புக் கடையில் வாங்கிய சோதனைப் பொருள்கள் என்பதால் வாடிக்கையாளர் எவருக்கும் இழப்பில்லை.

கிளியர் கோட் என்பது மெட்டாலிக் நிறத்துக்கு மேல் அடிக்கப்படும் நிறமற்ற படலம். அடியிலுள்ள பேஸ் கோட்டில் அலுமினியத் துகள் இருக்கும்; பளபளப்போ வெயிலைத் தாங்கும் வலிமையோ அதற்குக் கிடையாது. அவ்விரண்டையும் தருவது மேலே இருக்கும் கிளியர்தான். நான் இதுவரை பயன்படுத்தியது எம்.எஸ். எனப்படும் நடுத்தர வகை. அதில் தின்னரின் பங்கு மிகுதி, கெட்டிப் பொருளின் பங்கு குறைவு. ஆகையால் மூன்று கோட் அடித்தால்தான் கனம் வரும். எச்.எஸ். வகையில் கெட்டிப் பொருள் மிகுதியாக இருப்பதால், இரண்டு கோட்டிலேயே 50 முதல் 60 மைக்ரான் கனம் சேர்ந்துவிடும். ஏட்டளவில் எனக்கு இது தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

பழைய பானெட் ஒன்றைத் தேய்த்து, வெள்ளி நிற பேஸ் கோட் அடித்து, ஒரு பிற்பகலில் முதல் சோதனையைச் செய்தேன். ஷீட் கூரைக்குக் கீழே தொங்கிய வெப்பமானி 37 பாகை காட்டியது. டப்பாவில் சொன்னபடி இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்டனர் சேர்த்தேன். ஆனால் கலவை கெட்டியாகத் தோன்றியதால், பழைய பழக்கத்தில் கண்ணளவாகத் தின்னரையும் ஊற்றினேன். முதல் கோட்டுக்குப் பின் பத்து நிமிடம், இரண்டாவதற்குப் பின் பத்து நிமிடம், பிறகு "ஒரு கோட் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்" என்று மூன்றாவது. அடித்து முடித்த கணத்தில் பானெட் கண்ணாடி போல் இருந்தது. பையன் டீ வாங்கி வந்து இருவரும் குடித்து முடிப்பதற்குள், மேற்பரப்பு முழுவதும் ஊசியால் குத்தியது போன்ற நுண்துளைகள் தோன்றிவிட்டன.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இவ்வகைக் கிளியர் உலர்வதில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன: தின்னர் ஆவியாகி வெளியேறுகிறது; கிளியரிலுள்ள பிசினும் ஹார்டனரும் வேதிவினையில் பிணைந்து இறுகுகின்றன. வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எனக்குத் தரப்பட்ட ஹார்டனரோ விரைவில் இறுகும் வகை. குளிர்ந்த பட்டறையில் ஒற்றைக் கதவையோ பம்பரையோ சீர்செய்யும் வேலைக்கு உரியது. 37 பாகையில் அது மேல்தோலை முதலில் இறுக்கிவிட்டது. அடியில் சிக்கிய தின்னர், வெளியேற வழியின்றித் தோலைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறது. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் பார்த்தபோது, கோட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் உள்ளிட்ட எல்லாக் கணக்கும் 20 பாகை வெப்பத்துக்கு என்று அச்சிட்டிருந்தது. எங்கள் ஊரில் 20 பாகை என்பது மார்கழி விடியற்காலையிலேயே அரிதாகத்தான் வாய்க்கும்.

கடைக்காரரிடம் மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு பழைய கதவில் இரண்டாம் முறை முயன்றேன். இம்முறை அளவுக் கோப்பையில் பார்த்துக் கலந்தேன். தின்னர் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே. துளை விழவில்லை. ஆனால் இரண்டாம் கோட்டில் கையை மெதுவாக ஓட்டிவிட்டதால், கைப்பிடிக்குக் கீழே திரை போல் வழிந்து நின்றது. எம்.எஸ். கிளியரில் ஒரே இடத்தை இருமுறை கடந்தாலும் பொறுத்துக்கொள்ளும், இது பொறுப்பதில்லை. 1.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஸ்ப்ரே கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முந்தைய பட்டையில் பாதி மட்டும் படும்படி, நின்று தயங்காமல் ஓட்ட வேண்டும் என்பது அந்த ஒரு கதவிலேயே புரிந்தது.

மூன்றாவது தொல்லையான காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் எங்கள் ஊர் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வழியாகத்தான் புகுந்து பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் போகிறது. கேரளத்தின் மேற்குப் பக்கத்தில் மழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில், எங்களுக்கு மழை குறைவாகவும் காற்று மிகுதியாகவும் கிடைக்கும். பட்டறையில் பூத் எனப்படும், பெயின்ட் அடிப்பதற்கான அடைத்த அறை கிடையாது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தார்ப்பாய்த் திரை, அவ்வளவுதான். எம்.எஸ். கிளியர் விரைவில் தூசி பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். மெதுவான ஹார்டனர் போட்ட எச்.எஸ். கிளியரோ நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். துளையைத் தவிர்க்க மெதுவான ஹார்டனர் வேண்டும்; தூசியைத் தவிர்க்க விரைவான ஹார்டனர் வேண்டும். இந்த இழுபறிக்கு டப்பாவில் விடை இல்லை.

ஒரு வாரம் காலையும் மாலையும் காற்றைக் கவனித்தேன். முற்பகல் பத்து மணிக்கு மேல் எழும் காற்று இரவு வரை ஓய்வதில்லை. விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அடங்கியிருக்கிறது. ஆனால் விடியலில் தகட்டின் மேல் ஈரம் படிந்திருக்கும். ஈரம் சாதாரணத் தொல்லை அன்று: ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிப் படலத்துக்குள் குமிழிகள் தங்கிவிடும். ஆகவே முதல் நாள் மாலையே வண்டியை உள்ளே ஏற்றி மூடிவைப்பது, காலையில் தகட்டைத் தொட்டுப் பார்த்துச் சில்லிப்பு நீங்கிய பிறகே தொடங்குவது, ஒன்பதரைக்குள் இரண்டாம் கோட்டை முடித்துவிடுவது என்று முறை வகுத்துக்கொண்டேன். கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயை அன்றாடம் திறந்து தண்ணீரை வடிக்கத் தொடங்கியதும் இப்போதுதான். முதல் நாள் துருக்கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வந்தபோது, இத்தனை ஆண்டுகள் எத்தனை வண்டிகளின் மேல் அதை அடித்திருக்கிறேனோ என்று வெட்கமாக இருந்தது.

இவ்வளவும் ஆன பிறகே உண்மையான வண்டி ஒன்றில் கைவைத்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வெள்ளி நிறச் சிறிய கார் அது. ஊரில் தமிழர், மலையாளிகள் அனைவரும் அவரை மாஷ் என்றே அழைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் முழுப் பெயின்ட் அடித்த அந்த வண்டியின் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் வெங்காயத் தோல் போல் உரிந்துகொண்டிருந்தது. தின்னர் நனைத்த துணியை ஓர் ஓரத்தில் சற்று நேரம் அழுத்திவைத்துத் தேய்த்தபோது படலம் இளகித் துணியில் ஒட்டி வந்தது. ஹார்டனர் சேர்த்த கிளியர் இறுகிய பின் தின்னருக்கு இப்படி இளகாது. ஹார்டனர் இல்லாத மலிவான வகையை அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

"மேலாப்புல தேச்சுட்டு அடிச்சா நிக்காதா?" என்று மாஷ் கேட்டார். நிற்காது. அடியில் பிடிமானமற்ற படலம் இருக்கும் வரை, அதன் மேல் எவ்வளவு உயர்ந்த கிளியரை அடித்தாலும் இரண்டும் சேர்ந்தே உரியும். பழைய படலம் முழுவதையும் எடுக்க எனக்கும் பையனுக்கும் மூன்று நாள் பிடித்தது. அதன்பின் பிரைமர், 800-ஆம் எண் வாட்டர் பேப்பர், பேஸ் கோட் ஆகியவை எல்லோரும் அறிந்த வேலைகள். பேஸ் கோட் ஈரப் பளபளப்பு நீங்கி முழுவதும் மங்கிய பிறகே கிளியருக்குப் போனேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். அவசரப்பட்டால் அங்கும் தின்னர் சிக்கிக்கொள்ளும்.

கிளியர் அடித்த அன்று காலை, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்தினோம். எட்டு மணிக்கு வெப்பம் 26 பாகை. முதல் கோட்டைச் சற்று மெலிதாக அடித்துப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தேன். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், மாஸ்க்கிங் டேப்பின் மேல் பட்ட கிளியரை விரலால் தொட்டுப் பார்த்து, நூலாக இழுபடாமல் பிசுக்கென்று ஒட்டும் நிலை வந்ததும் இரண்டாம் கோட்டை நிறைவாக அடித்தேன். மூன்றாவது கோட் அடிக்கக் கை துடித்தது. கன்னைக் கழுவப் போட்டுவிட்டேன்.

அன்று நானும் பையனும் அணிந்திருந்தவை கரி வடிகட்டி பொருத்திய முகமூடிகள். முன்பெல்லாம் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு அடித்திருக்கிறேன். ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. மணம் நமக்குத் தெரியும் முன்பே அளவு மீறியிருக்கலாம். துணி அதை வடிகட்டாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் முழுப் பாதுகாப்பு. அதை வாங்கும் நிலை எனக்கு இன்னும் வரவில்லை.

மாலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கூரையில் விழுந்த டியூப்லைட்டின் பிம்பம் ஓரம் நெளியாமல் நேர்க்கோடாக நின்றது. பழைய கிளியரில் அந்த ஓரம் எப்போதும் ஆரஞ்சுத் தோல் போலச் சற்று அலையும். தூசி விழுந்த இடங்கள் ஒன்பது. அவற்றை 2000-ஆம் எண் பேப்பரில் தேய்த்துப் பளபளப்பேற்றும் கம்பவுண்ட் போடுவதை மறுநாளே செய்திருக்க வேண்டும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்ததில் படலம் நன்கு இறுகிவிட்டது, தேய்த்தெடுக்கத் தோள் வலித்தது. பின் பம்பரின் உள்மூலையில் சிறு வழிசல் ஒன்று இருக்கிறது. மாஷ் அதைக் கவனிக்கவில்லை. நானே காட்டினேன், இருக்கட்டும் என்றார்.

செலவைப் பொறுத்தவரை, லிட்டர் விலை பழையதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பழைய கிளியரில் இந்த அளவு வண்டிக்குக் கலந்த நிலையில் இரண்டரை லிட்டர் போகும். இதில் ஒன்றேமுக்கால் லிட்டரில் முடிந்தது. ஆக, பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கோட்டின் நேரம் மிச்சம். ஆனால் மிஞ்சிய ஹார்டனரை மூடி சரியாக இறுகாமல் வைத்துவிட்டதால், ஆவணியில் திறந்தபோது பால் போல் கலங்கியிருந்தது. காற்றிலிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்ட அதை இனிப் பயன்படுத்த முடியாது. இப்போது சிறிய டப்பாவாகவே வாங்குகிறேன்.

கன் தொங்கும் ஆணிக்கு மேலே சுவரில் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து, மாதம், வெப்பம், ஹார்டனர் வகை, கோட்டுகளுக்கு இடையே எத்தனை நிமிடம் என்று எழுதிவருகிறேன். சித்திரைக்கு எதிரே பெருக்கல் குறி. ஆடிக்கு எதிரே 26 பாகை, மெதுவான ஹார்டனர், பன்னிரண்டு நிமிடம். கணவாயில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து புழுதியோடு வீசும் மார்கழிக்கு எதிரே கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதற்கென்று இன்னொரு பழைய கதவு வாங்கி வைத்திருக்கிறேன்.