பாட்டு எப்ப வரும், தம்பி?

வளசரவாக்கத்து வாடகை வீட்டில் வெறும் கிட்டாராக ஓடும் படப் பின்னணி இசையைப் போட்டால், பத்து நிமிடத்தில் கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று கேட்பார்: "தம்பி, மியூசிக்காவே போயிட்டிருக்கே, பாட்டு எப்ப வரும்?" ஊரில், யாழ்ப்பாணத்தில் என்றால் இப்படிக் கேட்கமாட்டார்கள் என்று சொல்ல வாய் வரும். பொய். ஊரிலும் கேட்பினம். கேள்வி குத்தவில்லை; அந்தப் 'போயிட்டிருக்கே'தான் குத்துகிறது. 'போய்க்கொண்டிருக்கு' கேட்டு வளர்ந்த காது.

இங்கே இந்தச் சாமானுக்குப் பெயர் பீஜிஎம். ஹீரோ கதவை உதைக்கிற முப்பது செக்கன் (செகண்ட் என்று சொல்லப் பழகியாச்சு), பிறகு ரிங்டோன். முழுத் தொகுப்பையும் இருந்து கேட்க நினைப்பவர்களுக்கு அமெரிக்கக் கிட்டார்காரர் ரை கூடரின் 'ஜானி ஹேண்ட்சம்' தோதானது. வால்டர் ஹில் இயக்கிய 1989ஆம் ஆண்டுக் குற்றப்படம். படம் பார்க்காதவர்களுக்கு இன்னும் நல்லது, நடிகர் முகம் வந்து இசையை மறைக்காது.

கூடர் ஸ்லைடுக்குப் பேர்போனவர்: விரலில் குழாய் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது. கோட்டு வாத்தியம் கேட்ட சென்னைக்கு இது புதிதில்லை. குழாய் ஃபிரெட்டுக்கு, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு, நேர் மேலே நிற்கவேண்டும். ஒரு நூல் பின்வாங்கினால் சுருதி இறங்கிவிடும். அழுத்தினால் ஃபிரெட்டில் இடித்துக் கடகடக்கும். குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்கள் கம்பியை அடக்காவிட்டால் அந்தப் பக்கமும் சேர்ந்து கிணுகிணுக்கும். கிட்டாரை அடிக்கடி ஓப்பன் டி சுருதிக்கு, விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் ஒலிக்கிற சுருதிக்கு, இறக்குவார்கள்: ஆறாம், இரண்டாம், முதலாம் கம்பிகளில் இரண்டு அரைச்சுரம், மூன்றாவதில் ஒன்று, மற்ற இரண்டும் அப்படியே. தடித்த கம்பியிலிருந்து மீட்டினால் ச ப ச க ப ச. அந்தர காந்தாரம்.

ஃபோனில் ஷஃபிள் வேண்டாம், ஒரு தடம் முடியுமுன் அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடைப் பூச்சியமாக்குங்கள். காட்சிக்கு அளந்து செய்த துண்டுகள் பல முடிவதில்லை, வசனத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடும். விட்ட இடத்தில் அடுத்த தடம் தலையை நீட்டினால் எல்லாம் கெட்டது. ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் நிறுத்துங்கள். தடம் தடமாகச் சமப்படுத்தினால் துரத்தலும் தனிமையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் செய்தபிறகு சென்னையில் ஜெயிப்பது சீலிங் ஃபேன். கம்பியை மீட்டும் அடி கேட்கும்; அது தேய்ந்துபோகிற வால், கூடரின் பாதி வித்தை, ஃபேன் காற்றுக்குள் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த அடி காதில் அறையும். முதுகு திறந்த ஹெட்ஃபோன் ஃபேனடியில் வீண் காசு. ரிச்சி தெருவில் காதை முழுக்க மூடுகிறதைக் கேட்டு வாங்கலாம், இருபது நிமிடத்தில் வேர்க்கும். இயர்ஃபோன் என்றால் ரப்பர் முனை பொருந்தாவிட்டால் அடிச்சுரம் ஒழுகிவிடும். பெட்டியில் இருக்கிற எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதும் ஒரே அளவாக இருக்காது. மார்கழியில் ஃபேனை நிறுத்தலாம், ஆனால் விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். ஆகவே இரவு பத்தரைக்குப் பிறகு, தண்ணி மோட்டார் நின்றபின்.

பழகிவிட்டது என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஸ்லைடு ஒரு சுரத்தை மெல்லக் கீழே இழுக்கும்போது யாழ்ப்பாணத்துக் காது அதை வாசிப்பாக எடுப்பதில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம். நாலு பெரிய பற்றரி போடுகிற ரேப் ரெக்கோடருக்கு (இங்கே டேப் ரெக்கார்டர்) 6 வோல்ட் வேணும். டைனமோவின் கணக்கும் அதுதான். ஆனால் அது தருவது ஏசி, திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட்; ஒரே திசையாக்க நடுவில் டயோட் வேணும், பிறகு ஏற்ற இறக்கத்தை மட்டமாக்க ஒரு கப்பாசிற்றர். கப்பாசிற்றர் சின்னனென்றால் பாட்டோடு உறுமலும் வரும். பெடல் சுத்துகிற கை சோர்ந்தால் மோட்டரும் சோரும், செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டிய ரேப் தவழும், பாடுகிறவரின் குரல் தடித்துக் கிணத்துக்குள் இறங்கும். உடனே ஆரோ கத்துவினம்: "சுத்தடா!"

கூடரின் சுரம் அப்படித்தான் இறங்கி, அடியில் கொஞ்சம் நின்று, திரும்ப ஏறும். ஏறுமட்டும் வலது கை சும்மா இருக்காது.