இந்தக் கொட்டான் யாருக்கு? ஓலை பின்னப் பழகிய அனுபவம்

புரட்டாசியில் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பின்னப் பழக ஆரம்பித்தேன். ஆடியில் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. நான் சென்னை வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கே வந்துவிட்டேன். சேமிப்பு வேகமாகக் கரைந்தது, தூக்கம் அதைவிட வேகமாகப் போனது.

தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதி வை என்று தோழி சொன்னாள். எழுதினேன். வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, இன்று காய்ச்சல் இல்லை. எல்லாம் உண்மைதான், ஆனால் எழுதி முடித்ததும் மனசு பழையபடி பில்லுக்கும் மாத்திரைக்கும் போய்விடும். இப்படி எழுதுவது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. 2003-இல் எமன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பக்கத்து வளவு ஆச்சி ஒரு கட்டு ஓலையோடு வந்தார். "அப்பச்சி தூங்குற நேரத்துல சும்மா இருக்காதத்தா, கையக் குடு" என்றார்.

கொட்டானுக்குப் பனையின் குருத்தோலைதான் வேண்டும். வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். சாயம் ஏற்றுவதென்றால் கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். பின்னும்போது ஈரப்பதம்தான் எல்லாம். ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் வெடிக்கும். ரொம்ப ஊறியிருந்தால் பின்னும்போது அழகாக இருந்து, காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். நனைத்து எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் உருவிக்கொள்வது எனக்குச் சரியாக வருகிறது. அடி சதுரமாகத் தொடங்கும். ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போய், நான்கு மூலையிலும் மடித்துத் தூக்கினால் வாய் வட்டமாக வரும். மூலை மடிப்பு கைக்குப் பிடிபட ஐப்பசி முழுக்க ஆனது.

முதல் கொட்டான் உருப்படியாக வந்ததும் ஆச்சி கேட்ட கேள்விதான் எனக்கு வழி காட்டியது: "யாருக்குக் குடுக்கப் போற?" கல்யாணமோ வேறு விசேஷமோ, எங்கள் ஊரில் கொட்டான் எதையாவது வைத்துக் கொடுப்பதற்குத்தான். அந்தக் காலத்து ஆச்சிமார் அதற்குப் பாசிமணியும் குரோஷாப் பின்னலும் வைத்து அலங்காரம் செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் வந்தபின் அருகிப்போன இந்தக் கலையை எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

அன்றிலிருந்து, ஆள் யாரென்று முடிவு செய்யாமல் நான் ஓலையை நனைப்பதில்லை. பின்னும் நேரமெல்லாம் அந்த ஒருவர் செய்த ஒரு காரியம்தான் மனசில் ஓடும். பொதுவாக "எல்லாருக்கும் நன்றி" என்று நினைத்தபோது வராத கண்ணீர், மருந்துக்கடைத் தம்பி இரவு பத்து மணிக்கு மேல் கடையைத் திறந்து ஊசி எடுத்துக் கொடுத்ததை நினைத்தபோது வந்தது. அவருக்குத் தேன்குழல் வைத்துக் கொடுத்தேன். 2005-இல் உளவியலாளர் செலிக்மனும் உடன் ஆய்ந்தவர்களும், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கொடுத்தவர்களின் மகிழ்ச்சி நன்றாகக் கூடி ஒரு மாதம் வரை நின்றது. எனக்கு அந்தக் கடிதம் ஓலையில் அமைந்துவிட்டது.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஒரு நூலிழை எடுத்துச் சேர்த்து, கடைசி நாளில் அதைத் திரியாக மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம்; இதைத்தான் இழை எடுப்பது என்போம். எங்கள் வீட்டில் இழை எடுத்துக் கொடுப்பவர் அப்பச்சிதான். புரட்டாசி வரை கஞ்சியைக்கூடக் கெட்டியாக்கித் தேக்கரண்டியால் ஊட்ட வேண்டியிருந்த அப்பச்சிக்கு, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கும் பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லித் தந்த பெண் ஒருத்தி உண்டு. நோன்பன்று அப்பச்சி சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லாருக்கும் வலது கையால் இழை எடுத்துக் கொடுத்தார். தனக்கு மட்டும் தீபம் ஏற்றாமல், நெய்யில் நன்றாகக் குழைத்த மாவைத் துளி எடுத்துக்கொண்டார். குனிந்தார், விழுங்கினார், இருமவில்லை. ஆத்தா பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பெண்ணுக்குத்தான் இதுவரை நான் பின்னியதிலேயே நெருக்கமான கொட்டான் போனது. உள்ளே கந்தரப்பம்.

கஷ்டம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இடது கை இன்னும் வரவில்லை, எனக்கு நிரந்தர வேலையும் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டியவர்களை நினைத்தால் ஓலை போதவில்லை.

அடுத்தது 108 ஆம்புலன்ஸில் வந்தவருக்கு. எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. அப்பச்சி வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் விழுந்து கிடக்கிறார் என்றதும், முகப்பில் நிற்காமல் வண்டியைச் சுற்றிப் பின்தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னவர் அவர். அத்தனை முற்றங்களையும் தாண்டித் தூக்கிப்போகும் நேரம் மிச்சமானது. பெயர் தெரியாது. வண்டி நிற்கும் இடத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலை காய்ந்துவிடும், சீப்புச் சீடைக்கு மாவும் அரைத்தாகிவிட்டது.