வீட்டில் கவனிக்கவும்

ஜூலை 8

மகளின் கணக்கு நோட்டில் இன்றும் சிவப்பு மை. ‘கவனம் இல்லை. வீட்டில் கவனிக்கவும்.’ படித்ததும் சுருக்கென்றது. பகல் முழுக்க உங்களிடம்தானே இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றியது. மனைவியிடம் புலம்பினேன். “அவங்க சொல்றதும் சரிதானே? அந்த நோட்டை நாம கடைசியா எப்போ திறந்தோம்?” என்றாள்.

ஜூலை 9

கோபத்தோடு கணக்குப் போட உட்கார்ந்தேன். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பள்ளி 200 நாள், நாளுக்கு 7 மணி நேரம் என்று வைத்தால் 1,400. ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. அவள் தூங்கும் நேரத்தைக் கழித்தாலும் கால்வாசியைத்தான் தொடுகிறது. கோபம் இறங்கிவிட்டது.

ஜூலை 12

இன்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்குகள் எல்லாம் சரி. பலகையைப் பார்த்து எழுதியவைதான் தப்பு. 8 இருக்க வேண்டிய இடத்தில் 3, 6 இருக்க வேண்டிய இடத்தில் 0. ஆனால் அந்தத் தப்பான எண்களை வைத்துச் சரியாகவே கூட்டியிருக்கிறாள்!

சுவர்க் கடிகாரத்தில் மணி எவ்வளவு என்று கேட்டேன். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொன்னாள். இங்கிருந்து தெரியவில்லையா என்றேன். “தூரத்துல இருந்தா எல்லாருக்கும் மங்கலாத்தானே தெரியும், அப்பா?”

இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூலை 13

கிட்டப்பார்வை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 2. அரை மீட்டருக்கு அப்பால் எதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. பள்ளி வயதில்தான் இது பெரும்பாலும் தொடங்கும், தெளிவான பார்வை எப்படி இருக்கும் என்று தெரியாத குழந்தை குறை சொல்லாது என்றார் மருத்துவர். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே வெயில் வெளிச்சத்தில் விளையாட விடச் சொன்னார். அது முழுக்க என் பொறுப்பு.

ஜூலை 15

வகுப்பு ஆசிரியரைப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. வகுப்பில் 40 பேர். இவள் உயரம் என்பதால் கடைசி வரிசை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். “தூக்கம் போதலைன்னு நினைச்சேன் சார். வீட்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்” என்றார், கண் கலங்க. ஏதாவது இருந்தால் பள்ளியில் சொல்வார்கள் என்று நானும்தான் விட்டிருந்தேன்.

ஜூலை 17

குழந்தையை வளர்க்கும் முதன்மைப் பொறுப்பு பெற்றோருக்கே என்கிறது 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு. அரசு அவர்களுக்கு உதவ வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. 1893இல் ஓர் ஆங்கிலேய நீதிமன்றம், கவனமுள்ள தந்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி ஆசிரியர் மாணவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆசிரியரை அளக்கவே தந்தையைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 24

கண்ணாடி வந்துவிட்டது. மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது முன்வரிசையில் உட்கார்கிறாள். டைரியில் இன்று ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோடும் பேசவில்லை.’ அதற்குக் கீழே நான் எழுதினேன்: ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை. இரவு அழுதாள். நாளை கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நாங்களும் பேசுகிறோம்.’